கண் தேவைப்படாத விளையாட்டும், அதைக் காப்பாற்றிய ரசிகர்களும்

1/
இன்னைக்கு த்ரெட் சுகர், பிரஷர் பத்தி இல்லை. கிட்டத்தட்ட 50 வருஷப் பழசான ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைப் பத்தி. செங்கல்பட்டுல கிளினிக் வச்சிருக்கற டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு கேப்பீங்க. காரணம் இருக்கு, பாதியில வரும். உங்க வீட்டுலயோ தெருவுலயோ பார்வை குறைஞ்சவங்க யாராவது இருந்தா கடைசி வரைக்கும் படிங்க.

2/
இந்த வகை விளையாட்டுக்குப் பேரு டெக்ஸ்ட் அட்வென்சர். படம் கிடையாது, வண்டி ஓடாது, துப்பாக்கி சுடாது. திரையில வெறும் எழுத்துதான்.

உதாரணத்துக்கு நானே ஒண்ணு எழுதறேன்: "நீங்கள் ஒரு பாறைக்கு முன்னால் நிற்கிறீர்கள். கிழக்கே அலைச் சத்தம் கேட்கிறது. பாறையில் ஒரு சின்ன வாசல். தரையில் ஒரு விளக்கு கிடக்கிறது."

அவ்வளவுதான். அடுத்து என்ன செய்யறதுன்னு நீங்க டைப் பண்ணணும். விளக்கை எடு. உள்ளே போ. கல்லைத் தள்ளு. கம்ப்யூட்டர் அதைப் புரிஞ்சுக்கிட்டு அடுத்து என்ன நடந்துச்சுன்னு சொல்லும். கதைப் புத்தகம்தான், ஆனா நீங்க சொன்னாத்தான் நகரும்.

3/
1994 வாக்குல எங்க ஊர் கம்ப்யூட்டர் சென்டர்ல மணிக்கணக்குக்குக் காசு கட்டி இதை விளையாடியிருக்கேன். டாஸ் பாடம் கத்துக்கறேன்னு வீட்ல சொல்லிட்டுப் போறது. கறுப்புத் திரையில வெள்ளை எழுத்து. பக்கத்து சீட்டுக்காரன் ‘என்னடா படிக்கிற’ன்னு கேப்பான். விளையாடறேன்னு சொன்னா நம்ப மாட்டான்.

4/
முதல்ல இது எங்கேர்ந்து வந்ததுன்னு பாப்போம்.

அமெரிக்காவுல வில் க்ரௌதர்னு ஒரு புரோகிராமர். இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அர்பாநெட்டுக்கு வேலை செஞ்சவர். ஓய்வு நேரத்துல குகைக்குள்ள இறங்கி வரைபடம் தயாரிக்கறது அவருக்கு ஆர்வம். கென்டக்கி மாநிலத்துல மேமத் கேவ்னு ஒரு பிரம்மாண்டமான குகைத் தொடர் இருக்கு. அவரும் மனைவி பேட்டும் அதுல அளவெடுத்தவங்க.

அப்புறம் ரெண்டு பேருக்கும் விவாகரத்து ஆச்சு. மகள்கள் தன்கிட்ட வரும்போது விளையாட ஏதாவது இருக்கட்டும்னு 1975-76ல அந்தக் குகையையே வார்த்தைகளால ஒரு விளையாட்டா எழுதினார். அதுதான் ‘கொலாசல் கேவ் அட்வென்சர்’.

5/
ஸ்டான்ஃபோர்டுல படிச்சிக்கிட்டிருந்த டான் உட்ஸ்னு ஒருத்தர் கையில இந்த விளையாட்டு கிடைச்சது. இதை இன்னும் பெரிசாக்கணும்னு ஆசை. எழுதினவர் எங்க இருக்கார்னு தெரியலை. நெட்வொர்க்ல இருந்த ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் க்ரௌதர் பேரைப் போட்டு மெயில் அனுப்பினார். அன்னைக்கு அது முடியற காரியம், மொத்தக் கம்ப்யூட்டர்களே கொஞ்சம்தான். பதில் வந்தது, அனுமதி கிடைச்சது. 1977ல உட்ஸோட பெரிய பதிப்பு வெளியே வந்துச்சு.

கவனிங்க: பிறந்த ஒரு வருஷத்துலயே ஒரு ரசிகர்தான் இதை வளர்த்தார்.

6/
அதே 1977ல எம்.ஐ.டி.யில நாலு பேர் சேர்ந்து ‘ஸோர்க்’னு ஒண்ணு எழுத ஆரம்பிச்சாங்க. அவங்களும் நண்பர்களும் சேர்ந்து 1979ல இன்ஃபோகாம்னு ஒரு கம்பெனி தொடங்கினாங்க.

அங்க ஒரு சிக்கல். அந்தக் காலத்து வீட்டுக் கம்ப்யூட்டர் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாது. ஆப்பிளுக்கு எழுதினது கமடோர்ல ஓடாது, கமடோர்ல ஓடறது அட்டாரியில ஓடாது. ஒவ்வொரு விளையாட்டையும் ஒவ்வொரு மெஷினுக்கும் புதுசா எழுதணும்னா கம்பெனி தாங்காது.

7/
அதுக்கு அவங்க கண்டுபிடிச்ச வழி எந்த டாக்டருக்கும் உடனே புரியும்.

ஒரு பேஷன்ட்டோட கேஸ் ஷீட்டை எனக்கு மட்டும் புரியற மாதிரி கிறுக்கி வச்சா, நான் இல்லாத அன்னைக்கு அந்த பேஷன்ட் பாடு திண்டாட்டம். பொது முறையில தெளிவா எழுதி வச்சா செங்கல்பட்டுல எழுதினதை மதுரையில இருக்கற டாக்டர் படிச்சு வைத்தியத்தைத் தொடரலாம்.

இன்ஃபோகாம் அதைத்தான் பண்ணாங்க. எந்த நிஜ மெஷினுக்கும் எழுதாம, இல்லாத ஒரு கற்பனை மெஷினுக்கு எழுதினாங்க. பேரு ஸி-மெஷின், ஸோர்க்கோட முதல் எழுத்து. ஒவ்வொரு நிஜக் கம்ப்யூட்டருக்கும் அந்தக் கற்பனை மெஷின் மாதிரி நடிக்கற ஒரு சின்ன புரோகிராம். அது இருந்தாப் போதும், எல்லா விளையாட்டும் ஓடும்.

வியாபார வசதிக்காகச் செஞ்சது. பின்னாடி இதுதான் உயிர் காத்தது.

8/
1986ல இன்ஃபோகாமை ஆக்டிவிஷன் வாங்கிடுச்சு. 1989ல இன்ஃபோகாமோட பழைய அலுவலகத்தை மூடிட்டாங்க. அதுக்குள்ள கம்ப்யூட்டர்ல வண்ணப் படம், சத்தம் எல்லாம் வந்தாச்சு. எழுத்து மட்டும் இருக்கற விளையாட்டைக் கடையில யார் வாங்குவா?

9/
இந்த மாதிரி நேரத்துல ஒரு விஷயம் எப்படிச் சாகும்னு நமக்கு அனுபவத்துலயே தெரியும்.

2000ல பாமினி ஃபாண்ட்லயோ வானவில்லயோ டைப் பண்ணின ஒரு ஃபைலை இன்னைக்குத் திறந்து பாருங்க. ஃபைல் பத்திரமாத்தான் இருக்கு, ஒரு எழுத்து குறையலை. ஆனா அந்த ஃபாண்ட் இல்லைன்னா திரையில தெரியறது வெறும் குப்பை. யாரும் அழிக்கலை, எரிக்கலை. படிக்கற கருவி போச்சு, அவ்வளவுதான்.

பழைய விளையாட்டும் அப்படித்தான். ஃப்ளாப்பி இருக்கும், அதைப் போட மெஷின் இருக்காது. மெஷின் கிடைச்சா ஃப்ளாப்பியில காந்தப் பூச்சு போயிருக்கும்.

10/
இங்கதான் ரசிகர்கள் வர்றாங்க.

1987லயே ஆஸ்திரேலியாவுல இன்ஃபோ டாஸ்க் ஃபோர்ஸ்னு ஒரு குழு கிளம்பிடுச்சு. கம்பெனி அந்தக் கற்பனை மெஷினோட முழு விவரத்தை வெளியிடலை. இவங்க விளையாட்டு ஃபைலைப் பிரிச்சுப் பாத்து, எந்த எண் என்ன வேலை செய்யுதுன்னு ஒவ்வொண்ணாக் கண்டுபிடிச்சு, தாங்களே ஓட்டும் புரோகிராம் எழுதிட்டாங்க. ரத்தத்துல இருக்கற ஒவ்வொரு பொருளும் என்ன பண்ணுதுன்னு வெளியிலேர்ந்து பாத்துக் கண்டுபிடிக்கற மாதிரி வேலை. சம்பளம் கிடையாது.

அதுக்கப்புறம் எத்தனையோ பேர் எழுதினாங்க. 1995ல வந்த ஃப்ராட்ஸ்னு ஒண்ணு இன்னைக்கும் புழக்கத்துல இருக்கு.

11/
1992ல ஜெர்மனியில ஒரு ஆய்வு நிறுவனத்துக் கம்ப்யூட்டர்ல ஃபோல்கர் பிளாசியஸ்ங்கறவரும், அமெரிக்காவுலேர்ந்து டேவ் பேகெட்டும் சேர்ந்து ஒரு காப்பகம் ஆரம்பிச்சாங்க. பேரு இன்டராக்டிவ் ஃபிக்ஷன் ஆர்க்கைவ். ரசிகர்கள் எழுதின விளையாட்டு, ஓட்டற கருவி, வரைபடம், விடைக் குறிப்பு எல்லாம் ஒரே இடத்துல. இடம் மாறினாலும் அந்தக் காப்பகம் இன்னைக்கும் இருக்கு. 2016ல இதுக்குன்னே ஒரு லாப நோக்கமில்லாத அமைப்பு உருவாகி, இப்ப அதுதான் பாத்துக்குது.

12/
1993ல கிரஹாம் நெல்சன்னு ஒரு ஆங்கிலேய கணித அறிஞர், கவிதையும் எழுதுவார். அவர் ஒரு படி மேல போனார். அந்த மெஷின்ல ஓடற மாதிரி புது விளையாட்டை எழுத இன்ஃபார்ம்னு ஒரு கருவி செஞ்சார். இலவசம். கூடவே ‘கர்சஸ்’னு ஒரு முழு விளையாட்டையும் எழுதி வெளியிட்டார்.

யோசிச்சுப் பாருங்க. மெஷினை வடிவமைச்ச கம்பெனி மூடியாச்சு. ரசிகர்கள் அதுக்குப் புதுசா விளையாட்டு எழுதிக்கிட்டிருக்காங்க. 1995ல தொடங்கின வருடாந்திரப் போட்டி இன்னும் வருஷா வருஷம் நடக்குது.

என் கணக்குல இதுதான் முக்கியமான இடம். கண்ணாடிப் பெட்டியில வச்சுப் பூட்டறது ஒரு விதக் காப்பு. புழக்கத்துல வச்சிருக்கறது இன்னொரு விதம். அசையாம வச்ச மூட்டு இறுகிப் போகும்னு பேஷன்ட்டுங்ககிட்ட தினமும் சொல்றேன். இதுவும் அப்படித்தான்.

13/
இவங்களோட பொறுமைக்கு ஒரு கதை சொல்றேன்.

க்ரௌதர் எழுதின முதல் பதிப்பு, உட்ஸ் கைவைக்கறதுக்கு முன்னாடி இருந்தது, தொலைஞ்சு போச்சுன்னே எல்லாரும் நினைச்சாங்க. டென்னிஸ் ஜெர்ஸ்னு ஒரு இங்கிலீஷ் பேராசிரியர் விடலை. 2005ல ஸ்டான்ஃபோர்டுல உட்ஸோட பழைய மாணவர் கணக்கு பேக்கப்ல அந்த மூல நிரல் கிடைச்சது. ஜெர்ஸ் அதோட நிக்கலை. நேரா கென்டக்கி குகைக்குள்ள இறங்கி, விளையாட்டுல சொன்ன இடமெல்லாம் நிஜத்துல இருக்கான்னு பாத்தார். 2007ல கட்டுரையா வெளியிட்டார். நிறைய இடம் அப்படியே பொருந்துச்சு.

14/
நம்ம ஆளுங்களுக்கு இது புதுசில்லை. அதே 2005ல நம்ம கடற்கரையிலயே நடந்துச்சு.

மாமல்லபுரத்துக்குச் சில கிலோமீட்டர் வடக்கே சாளுவன்குப்பம். புலிக்குகைக்குப் போனவங்களுக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26 சுனாமி அங்க மணலை அரிச்சு, ஒரு பாறையில இருந்த கல்வெட்டை வெளியே காட்டிடுச்சு. அதுல ஒரு முருகன் கோயிலைப் பத்திக் குறிப்பு. ஆனா அங்க கோயில் எதுவும் கண்ணுக்குத் தெரியலை. எழுத்து சொன்னதை நம்பித் தொல்லியல் துறை தோண்டுச்சு. பல்லவர் காலக் கோயில் வந்தது. அதுக்கும் கீழ அதைவிடப் பழைய செங்கல் கோயில்.

அங்கயும் எழுத்தைப் படிச்சாங்க, இடத்தைத் தேடிப் போனாங்க, கண்டுபிடிச்சாங்க. கல்லுல வெட்டினது கிடந்து காத்திருக்கும். ஃப்ளாப்பி காத்திருக்காது. அதுக்காகத்தான் இவங்களுக்கு அவ்வளவு அவசரம்.

15/
மறுபடி ஸோர்க்குக்கு வருவோம். 2019ல ஜேசன் ஸ்காட்னு ஒரு ஆவணக் காப்பாளர், இன்ஃபோகாம் விளையாட்டுகளோட மூல நிரலை எல்லாரும் பாக்கற மாதிரி இணையத்துல ஏத்தினார். கம்பெனி உரிமை கைமாறிக் கைமாறி 2023ல மைக்ரோசாஃப்ட்கிட்ட வந்துச்சு. 2025 நவம்பர்ல அவங்க ஸோர்க் முதல் மூணு பாகத்தோட நிரலையும் யார் வேணாலும் பயன்படுத்தலாம்னு முறைப்படி உரிமம் கொடுத்துட்டாங்க.

எப்படிக் கொடுத்தாங்க தெரியுமா? ஸ்காட் ஏத்தி வச்சிருந்த அதே இடத்துல உரிமக் குறிப்பைச் சேர்க்கச் சொல்லி. அலுவலகத்தை மூடி 36 வருஷம் கழிச்சு சொந்தக்காரர் வந்து, ரசிகர் வச்சிருந்த பிரதிமேல கையெழுத்துப் போட்ட மாதிரி.

16/
சரி, எனக்கு ஏன் இதுல இவ்வளவு அக்கறை?

என் பேஷன்ட் ஒருத்தன். இப்ப 24 வயசு. மாமல்லபுரம் பக்கம் ஒரு ஊர். அப்பா கல் தச்சர், சிற்பப் பட்டறையில வேலை. அவன்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். அடையாளம் தெரியற விவரங்களை மாத்தியிருக்கேன்.

14 வயசுல அவங்க அம்மா கூட்டிட்டு வந்தாங்க. "பையன் பகல்ல நல்லா இருக்கான் டாக்டர், பொழுது சாஞ்சா செவுத்துல மோதுறான்"னாங்க. அப்பாவும் அம்மாவும் சொந்தம், மாமன் மகள். கண் டாக்டர்கிட்ட அனுப்பினேன். ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா.

17/
ரெண்டு வரி மருத்துவம் சொல்லிடறேன். விழித்திரையில வெளிச்சத்தை உணர்ற செல்கள் கொஞ்சம் கொஞ்சமா அழியற பரம்பரை நோய் இது. முதல்ல ராத்திரிப் பார்வை போகும். அப்புறம் ஓரப் பார்வை. கடைசியில குழாய் வழியாப் பாக்கற மாதிரி நடுவுல ஒரு வட்டம் மட்டும், சிலருக்கு அதுவும் மங்கும். பெரும்பாலானவங்களுக்கு இன்னும் குணமாக்கற வைத்தியம் இல்லை. மாலைக்கண்ணுன்னா வைட்டமின் ஏ குறைவு மட்டும்தான்னு நினைச்சு கேரட் கொடுத்துக்கிட்டு இருந்துடாதீங்க. கண் டாக்டரைப் பாருங்க. சொந்தத்துல கல்யாணம் பண்ற குடும்பம்னா மரபணு ஆலோசனையும் கேளுங்க.

18/
20 வயசு வரைக்கும் அப்பாகூட பட்டறைக்குப் போனான். அப்புறம் உளி பிடிக்கற கையும் அடிக்கற இடமும் ஒத்துப்போகலை. அப்பாவே போதும்டா வீட்ல இருன்னுட்டார்.

பார்வையை விட அதுதான் அவனை உடைச்சது. சாயங்காலம் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் மொபைலை வச்சுக்கிட்டு கூட்டமா உக்காந்து விளையாடுவாங்க. இவன் அவங்க சத்தம் போடறதைக் கேட்டுக்கிட்டு இருப்பான். கொஞ்ச நாள்ல அங்க போறதையும் நிறுத்திட்டான். தூக்கம் கெட்டுச்சு, சாப்பாடு குறைஞ்சது. மன அழுத்தம். மனநல மருத்துவர்கிட்ட அனுப்பினோம், மருந்து ஆரம்பிச்சாங்க, நல்லாவே வேலை செஞ்சது.

ஆனா நாள் முழுக்க என்ன பண்றதுங்கற கேள்விக்கு மாத்திரை கிடையாது.

19/
அவங்க அக்கா காலேஜ்ல வாங்கின பழைய லேப்டாப் வீட்ல இருந்துச்சு. அதுல என்.வி.டி.ஏ.ன்னு ஒரு ஸ்க்ரீன் ரீடர் போட்டுக் கொடுத்தோம். திரையில இருக்கற எழுத்தை வாய்விட்டுப் படிக்கற மென்பொருள். ஆஸ்திரேலியாவுல மைக்கேல் கரன், ஜேம்ஸ் டெஹ்னு பார்வையில்லாத ரெண்டு இளைஞர்கள் 2006ல தொடங்கினது. முழுக்க இலவசம். தமிழும் படிக்கும்.

அதைப் போடும்போதுதான் எனக்கு அந்த கம்ப்யூட்டர் சென்டர் விளையாட்டு ஞாபகம் வந்தது. வெறும் எழுத்துதானே. எழுத்தை இது படிக்குமே.

20/
முதல் வாரம் அக்கா பக்கத்துல உக்காந்து இங்கிலீஷை மொழிபெயர்த்துச் சொன்னாங்க. அவன் தமிழ் மீடியம். ஆனா கட்டளை எல்லாம் ரெண்டு வார்த்தைதான். டேக் லேம்ப். கோ நார்த். ஓபன் டோர். சீக்கிரம் பிடிச்சுக்கிட்டான்.

ஸோர்க்ல ஒரு விஷயம் உண்டு. விளக்கு இல்லாம இருட்டுல நடந்தா க்ரூன்னு ஒரு ஜந்து அடிச்சுத் தின்னுடும். விளையாடின எல்லாரும் பயந்த இடம். அவன் சிரிச்சான். "இருட்டுல நடக்கறது எனக்கு பத்து வருஷப் பழக்கம் டாக்டர். அந்த ஜந்துதான் என்னைப் பாத்துப் பயப்படணும்."

அவன் சிரிச்சு நான் பாத்து ரொம்ப நாளாச்சு.

21/
இன்னொண்ணு. இந்த விளையாட்டுல எல்லா அறையும் ஒரே மாதிரி இருக்கற ஒரு சுழல் வழி வரும். எங்க நிக்கறோம்னே தெரியாது. நாங்க எல்லாம் கட்டம் போட்ட தாள்ல வரைபடம் போட்டு, அறைக்கு ஒரு பொருளைப் போட்டு அடையாளம் வச்சுத் திண்டாடினோம். அவன் தாள் இல்லாம தலைக்குள்ளயே வச்சுக்கறான். வீட்ல ஒவ்வொரு பொருளும் எங்க இருக்கு, எத்தனை அடி தள்ளி இருக்குன்னு மனசுல வச்சு நடக்கறவனுக்கு இது அன்றாட வேலை.

அவன் சித்தப்பா பையன் கூட உக்காந்து விளையாட ஆரம்பிச்சான். கண்ணு நல்லாத் தெரியறவன். இந்த விளையாட்டுல அதுக்கு ஒரு மார்க்கு கூட அதிகம் கிடையாது. "எந்தப் பக்கம்டா போறது?"ன்னு அவன்தான் இவனைக் கேக்கறான்.

22/
தப்பா எடுத்துக்காதீங்க. விளையாட்டு அவனைக் குணப்படுத்திடுச்சுன்னு நான் சொல்லலை. மருந்து தொடருது. பார்வை குறைஞ்சுக்கிட்டேதான் போகுது. இது வைத்தியம் இல்லை.

ஆனா 1987ல ஆஸ்திரேலியாவுல உக்காந்து அந்த மெஷினைப் பிரிச்சவங்களுக்கு இப்படி ஒருத்தன் நம்ம கடற்கரையில இருப்பான்னு தெரிஞ்சிருக்க வாய்ப்பே இல்லை. பிடிச்சிருந்துச்சு, செஞ்சாங்க. யாருக்குப் பயன்படும்னு தெரியாமலே காப்பாத்தி வச்சாங்க. பழைய விளையாட்டைக் கட்டிக்கிட்டு ஏன் அழறாங்கன்னு கேக்கறவங்களுக்கு என் பதில் அந்தப் பையன்தான்.

23/
போன தடவை வந்தப்ப அவன் கேட்ட கேள்வி: "தமிழ்ல இல்லையா டாக்டர்?"

தேடிப் பாத்து, அவன் கையில கொடுக்கற மாதிரி ஒண்ணும் எனக்குக் கிடைக்கலை. ஏன்னு யோசிச்சப்ப ஒரு காரணம் புரிஞ்சது.

இங்கிலீஷ்ல லேம்ப்னா எங்கயும் லேம்ப்தான். தமிழ்ல விளக்கு, விளக்கை, விளக்கால, விளக்குல. மரம் மரத்தை ஆகும், வீடு வீட்டை ஆகும், ஆறு ஆற்றை ஆகும். வினைச்சொல் கடைசியில வரும். ஒருத்தர் ‘எடு’ன்னு டைப் பண்ணுவார், ஒருத்தர் ‘எடுத்துக்கோ’ம்பார். இது எல்லாத்தையும் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கணும்.

கஷ்டம்தான், ஆனா முடியாதது இல்லை. இன்ஃபார்மை ஃபிரெஞ்சு, ஸ்பானிஷ், ஜெர்மன், இத்தாலிய ரசிகர்கள் அவங்கவங்க மொழிக்கு மாத்தியிருக்காங்க. அந்த மொழிகள்லயும் இலக்கணச் சிக்கல் இருக்கத்தான் செய்யுது.

24/
சுலபமான வழியும் ஒண்ணு இருக்கு. 2009ல கிறிஸ் கிளைமாஸ் வெளியிட்ட ட்வைன்னு ஒரு இலவசக் கருவி. இதுல டைப் பண்ண வேண்டாம், கதைக்கு நடுவுல வர்ற தேர்வுகள்ல ஒண்ணை அமுக்கினாப் போதும். யூனிகோட் தமிழ் அப்படியே ஏறும். புரோகிராமிங் தெரிய வேண்டாம். முடிச்ச கதை ஒரு சாதாரண இணையப் பக்கம் மாதிரி திறக்கும், ஸ்க்ரீன் ரீடர் படிக்கும்.

அக்காவும் தம்பியும் இப்ப அதுல ஒண்ணு எழுதிக்கிட்டிருக்காங்க. மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்ட்ல ஆரம்பிக்குது. அர்ச்சுனன் தபசு, வெண்ணெய் உருண்டை, கலங்கரை விளக்கம், ஐந்து ரதம்னு போகுது. வழியெல்லாம் சத்தத்தாலயும் வாசனையாலயும் சொல்லியிருக்கான். எந்தப் பக்கம் உளிச் சத்தம், எங்க மீன் வறுக்கற வாசனை, எங்க வந்ததும் காத்து மாறுது. 12 இடம் முடிஞ்சிருக்கு. நான் அந்த ஊருக்கு எத்தனையோ ஞாயித்துக்கிழமை போயிருக்கேன். அவன் எழுதினதுல பாதியை நான் கவனிச்சதே இல்லை.

25/
நம்மால இது ஆகுமான்னு சந்தேகப்படறவங்களுக்கு: தமிழர்கள் இதே மாதிரி ஒரு வேலையை ஏற்கனவே செஞ்சு காட்டியிருக்காங்க.

மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்னைக்குத் தொடங்கினது. ஸ்விட்சர்லாந்துல இருக்கற முனைவர் கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைப்பு. உலகம் முழுக்க இருக்கற தன்னார்வத் தமிழர்கள் சங்க இலக்கியத்துலேர்ந்து பழைய நூல்களைக் கையால தட்டச்சு செஞ்சு இலவசமா இணையத்துல ஏத்தினாங்க. அப்ப யூனிகோட் தமிழ் புழக்கத்துல இல்லை, தகுதரம்னு ஒரு குறியீட்டு முறை இருந்தது. பின்னாடி யூனிகோட் வந்ததும் அந்த நூல்களை அதுக்கு மாத்தினாங்க.

அந்த மாத்தற வேலையைத்தான் கவனிக்கணும். ஒரு தடவை ஏத்திட்டோம், முடிஞ்சதுன்னு விட்டிருந்தா அதுவும் நம்ம பாமினி ஃபைல் கதைதான் ஆகியிருக்கும். இன்னைக்கு என் பேஷன்ட்டோட ஸ்க்ரீன் ரீடர் திருக்குறளைப் படிக்குதுன்னா யாரோ உக்காந்து அந்த வேலையைச் செஞ்சதாலதான்.

26/
இப்ப உங்களுக்கு.

வீட்ல பார்வை குறைஞ்சவங்க இருந்தா: கம்ப்யூட்டர்னா என்.வி.டி.ஏ., ஆண்ட்ராய்டு போன்னா டாக்பேக். ரெண்டும் இலவசம், ரெண்டுலயும் தமிழ் உண்டு. டாக்பேக் போன்லயே இருக்கும், செட்டிங்ஸ்ல அணுகல்தன்மைக்குள்ள பாருங்க. பழக ரெண்டு மூணு வாரம் ஆகும். முதல் ரெண்டு நாள்ல கோபம் வரும், விட்டுடாதீங்க.

டெக்ஸ்ட் அட்வென்சர் விளையாட: ஐ.எஃப்.டி.பி.ன்னு ஒரு பட்டியல் தளம் இருக்கு. ரசிகர்கள் 2007லேர்ந்து நடத்தறது. நிறைய விளையாட்டை அங்கேர்ந்தே உலாவியில திறந்து விளையாடலாம், எதையும் இறக்க வேண்டாம்.

27/
புரோகிராமிங் தெரிஞ்சவங்களுக்கு: தமிழ் வேற்றுமை உருபைப் பிரிச்சுப் புரிஞ்சுக்கற ஒரு சின்ன நிரல் எழுத முடியுமான்னு பாருங்க. ‘மரத்தை வெட்டு’ன்னா மரம்னு அதுக்குத் தெரியணும், அவ்வளவுதான் ஆரம்பம்.

கதை எழுதறவங்களுக்கு: ட்வைன்ல உங்க ஊரை வச்சு பத்து இடம் எழுதுங்க. படம் போடாதீங்க. கண்ணை மூடிக்கிட்டு உங்க தெருவுல நின்னா என்ன கேக்கும், என்ன மணக்கும்னு எழுதுங்க.

பழைய ஃபாண்ட்ல அப்பாவோ தாத்தாவோ டைப் பண்ணின ஃபைல் வீட்ல இருந்தா: இந்த வாரமே யூனிகோடுக்கு மாத்துங்க. மாத்திகள் இலவசமாவே கிடைக்குது. அரை மணி நேர வேலை.

28/
எழுதினா கமென்ட்ல சொல்லுங்க. நான் அவன்கிட்ட சேக்கறேன். அடுத்த மாசம் செக்கப்புக்கு வருவான். வந்ததும் முதல்ல கேக்கறது தன் மாத்திரையைப் பத்தியா இருக்காது, "தமிழ்ல எதாவது வந்துச்சா டாக்டர்?"னுதான் இருக்கும். நாலஞ்சு பேராவது எழுதியிருந்தா எனக்குப் பதில் சொல்ல வசதியா இருக்கும்.

சுகர் த்ரெட் அடுத்த வாரம்.